கச்சத்தீவு: பட்டா யாருக்கு? அனுபோகம் யாருக்கு?

கொங்கு நாட்டில் வரப்புத் தகராறு இல்லாத கிராமம் ஒன்றுகூட இருக்காது. அண்ணன் தம்பிக்குள் ஒரு சாண் வரப்புக்காக கோவை கோர்ட்டுக்கும் ஈரோடு கோர்ட்டுக்கும் இருபது வருடம் நடந்த குடும்பங்கள் உண்டு. நிலத்தின் விலையைவிட வக்கீல் ஃபீஸ் அதிகமாகியிருக்கும். ஆனாலும் விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "அது மண்ணு பிரச்சினை இல்லீங்க, மரியாதை பிரச்சினை" என்று பதில் வரும்.

நாடுகளும் அப்படித்தான். அவற்றின் தகராறு வரப்புக்குப் பதில் தீவு. உலகத்தில் இன்று சண்டையில் இருக்கும் பல தீவுகளில் மனிதர்கள் கிடையாது. சிலவற்றில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. ஜப்பானும் சீனாவும் மோதிக்கொள்ளும் சென்காகு தீவுகளில் யாரும் குடியில்லை. தென்சீனக் கடலில் ஸ்ப்ராட்லி திட்டுகளில் பல, கடல் ஏறினால் முங்கிப்போகிறவை. இந்தியாவும் வங்கதேசமும் பல ஆண்டுகள் உரிமை கொண்டாடிய பூர்வாஷா தீவு, 1970 புயலுக்குப் பிறகு கடலில் தென்பட்டு, பிறகு கடலிலேயே கரைந்துபோனது. சண்டைக்குக் காரணமான தீவு மறைந்த பிறகும் கடல் எல்லை வழக்கு நடந்து, 2014 ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது!

தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு தீவு கச்சத்தீவு. கடலே இல்லாத கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2024 மக்களவைத் தேர்தலில் கச்சத்தீவை அகில இந்தியத் தலைப்புச் செய்தியாக்கிய பழைய அரசு ஆவணங்களை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்று வெளியிட்டவர் அப்போது கோவைத் தொகுதியில் போட்டியிட்ட பா.ஜ.க. வேட்பாளர் அண்ணாமலை. அந்தச் சில வாரங்கள் காந்திபுரம் டீக்கடையிலும் கச்சத்தீவுதான் பேச்சு. பேசியவர்களில் எத்தனை பேருக்கு முழுக்கதையும் தெரியும் என்பது வேறு விஷயம். அந்தக் கதை இதுதான்.

எங்கே இருக்கிறது?

ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் இருக்கிறது கச்சத்தீவு. பரப்பு 285 ஏக்கர். பொள்ளாச்சிப் பக்கம் சில பெரிய தென்னந்தோப்புகளை ஒன்றாகச் சேர்த்தால் வந்துவிடும் அளவு. இந்தியக் கரையிலிருந்து சுமார் 33 கிலோமீட்டர். இலங்கையில் மக்கள் வாழும் நெடுந்தீவிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர். நல்ல தண்ணீர் கிடையாது, அதனால் நிரந்தரக் குடியிருப்பும் கிடையாது.

அங்கே இருக்கும் ஒரே முக்கியமான கட்டடம் புனித அந்தோணியார் கோயில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டியவர் தொண்டி அருகே நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்ற மீனவர். ஆனால் கோயில் நிர்வாகம் இருந்தது யாழ்ப்பாண மறைமாவட்டத்திடம். கட்டியது இந்தப் பக்கத்து மீனவர், நிர்வாகம் அந்தப் பக்கத்துச் சாமியார்! இரண்டு கரைக்காரர்களும் இதை ஒரு முரண்பாடாகவே நினைக்கவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் படகில் வருவார்கள். சாமி கும்பிடுவார்கள், சாமான்கள் மாற்றிக்கொள்வார்கள், சொந்தபந்தம் விசாரிப்பார்கள். மற்ற நாட்களில் வலையைக் காயப்போட்டு ஓய்வெடுக்கும் இடம் அது.

ஜமீன் காலம்

இந்தியாவின் வாதம் ராமநாதபுரம் சேதுபதிகளிடமிருந்து தொடங்குகிறது. கச்சத்தீவு அந்த ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது, ஜமீன் அதைக் குத்தகைக்கு விட்டது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. 1880-ல் சாயவேர் சேகரிக்கும் குத்தகையில் கச்சத்தீவும் இருந்தது. சாயவேர் என்பது துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றப் பயன்பட்ட வேர். ரசாயனச் சாயம் வருவதற்கு முன் அதற்கு நல்ல கிராக்கி. சாயப்பட்டறைக்குப் பேர்போன திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலங்கையின் வாதம் வேறு. தீவு யாழ்ப்பாண அரசின் ஆட்சிக்கும், பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் ஆட்சிக்கும் உட்பட்டிருந்தது, கோயில் யாழ்ப்பாணத்தின் கீழ், நிர்வாகம் இலங்கையின் கையில் என்பது அவர்கள் பக்கம்.

1921 அக்டோபரில் இந்த இரண்டு வாதங்களும் முதல்முறையாக நேருக்கு நேர் மோதின. அப்போது இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் ஆட்சிதான். மீன்பிடி எல்லையைப் பிரித்துக்கொள்ள சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் உட்கார்ந்தார்கள். சரிபாதியாகக் கோடு போட்டால் கச்சத்தீவு இந்தியப் பக்கம் வரும் என்று இலங்கைக் குழு எதிர்த்தது. தீவு ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தம் என்றது சென்னைக் குழு. கடைசியில் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே நகர்ந்தது. ஆனால் இது மீன்பிடிப்புக்கான கோடு மட்டுமே, தீவின் மீதான உரிமை வாதத்தை இது பாதிக்காது என்ற நிபந்தனையோடுதான் சென்னைக் குழு ஒப்புக்கொண்டது. லண்டன் இந்த உடன்பாட்டை உறுதி செய்யவும் இல்லை.

சர்வேயர் தற்காலிகமாக நட்டுவைத்த கல்லையே பிற்காலத்தில் எல்லைக்கல் என்று சாதிப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான் பிறகு நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ராமநாதபுரம் ஜமீன் நிலங்கள் 1949-ல் சென்னை அரசின் கைக்கு வந்தன. ஜமீன் போனாலும் தகராறு போகவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சத்தீவு கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்பட்டிருந்தது. 1950களில் அங்கே பயிற்சி நடத்துவது யார், யாரிடம் அனுமதி கேட்பது என்ற பிரச்சினை மறுபடி கிளம்பியது.

2024-ல் வெளியான ஆவணங்களின்படி, 1960-ல் அட்டர்னி ஜெனரல் செதல்வாட், சாட்சியங்களை எடைபோட்டால் தீவின் உரிமை இந்தியாவுக்கே என்று கருத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் 1961 மே மாதம் பிரதமர் நேரு, இந்தச் சின்னத் தீவுக்குத் தான் முக்கியத்துவம் தரவில்லை, உரிமைகோரலை விட்டுக்கொடுக்கத் தயக்கம் இல்லை என்ற பொருளில் குறிப்பெழுதியிருக்கிறார். வக்கீல் கேஸ் பலமாக இருக்கிறது என்கிறார். கட்சிக்காரரோ கேஸே வேண்டாம் என்கிறார்!

1974: ஏன் கொடுத்தார்கள்?

1974 ஜூன் 26 அன்று கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், ஜூன் 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டார்கள். எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போடப்பட்டது. தீவு இலங்கைப் பக்கம் போனது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து உலக நிலவரத்தைப் பார்க்க வேண்டும். 1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்களுக்கு கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள இடம் கொடுத்தது இலங்கை. அந்த நாட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் டெல்லிக்கு இருந்தது. 1974 மே 18-ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. உலகமே இந்தியாவைக் குறைசொன்ன நேரத்தில் அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது. அதே ஜனவரியில்தான் இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்களில் மீதி ஒன்றரை லட்சம் பேரை இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக ஏற்பது என்று முடிவானது. அதோடு, கடல் சட்டம் பற்றிய ஐ.நா. மாநாடு அந்த ஜூனில்தான் கராகஸில் கூடியது. அதற்குள் பாக் நீரிணையை இரண்டு நாடுகளின் உள் விவகாரமாக முடித்துவிட வேண்டும், மூன்றாவது நாட்டுக் கப்பல் நுழையக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கணக்கு.

டெல்லியிலிருந்து பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். 285 ஏக்கரைக் கொடுத்து ஒரு அண்டை நாட்டை வாங்கியாயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால்? அங்கே யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண்சிங் மக்களவையில் ஒப்பந்தத்தை வைத்தபோது எதிர்ப்பு வெடித்தது. ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர், தி.மு.க.வின் இரா. செழியன், வாஜ்பாய் என்று பலரும் எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று முதல்வர் கருணாநிதி சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒப்பந்தத்துக்கு முன்பே வெளியுறவுச் செயலர் சென்னை வந்து முதல்வரிடம் விவரம் சொன்னார் என்ற தகவலை 2024-ல் மத்திய அரசு எடுத்து வைத்தது. யாருக்கு எவ்வளவு முன்கூட்டித் தெரியும் என்ற சண்டை இரண்டு தேசியக் கட்சிகளுக்கும் இரண்டு திராவிடக் கட்சிகளுக்கும் நடுவே இன்றும் ஓய்ந்தபாடில்லை.

1976: யாரும் அதிகம் பேசாத ஒப்பந்தம்

1974 ஒப்பந்தத்தில் மீனவர்களுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. 5ஆம் பிரிவின்படி இந்திய மீனவர்களும் பக்தர்களும் விசா, பயண ஆவணம் எதுவும் இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம். 6ஆம் பிரிவு, இரண்டு நாட்டுப் படகுகளும் ஒன்றின் நீர்ப்பரப்பில் மற்றது பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்றது.

பிறகு 1976 மார்ச் 23-ல் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகளுக்கான ஒப்பந்தம். அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர்கள் மறுநாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவானது. அப்போது எமர்ஜென்சி. தி.மு.க. ஆட்சி ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்ப்புத் தீர்மானம் போட தமிழ்நாட்டில் ஒரு அரசே இல்லை.

இதில் இந்தியாவுக்கு வந்ததும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் மீன்வளம் மிக்க வாட்ஜ் பேங்க் முழுக்க இந்தியாவுக்கு என்று உறுதியானது. கன்னியாகுமரி மீனவர்களுக்கு அது லாபம். ஆனால் ராமேஸ்வரம் நாட்டுப்படகுக்காரர் வாட்ஜ் பேங்க்குக்குப் போய் மீன்பிடிக்க முடியாது. பாக் விரிகுடாவில் இழந்தவர் ஒருவர், வாட்ஜ் பேங்க்கில் பெற்றவர் வேறொருவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இந்திய மண்ணைக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்" என்பது கச்சத்தீவை மீட்கச் சொல்பவர்களின் முக்கியமான வாதம். அதற்கு ஆதாரம் 1960-ல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து. 2008-ல் ஜெயலலிதாவும், 2013-ல் கருணாநிதியும் உச்ச நீதிமன்றம் போனார்கள். தமிழக வருவாய்த்துறையும் 2011-ல் வழக்கில் சேர்ந்துகொண்டது. மத்திய அரசின் பதில் ஒரே வரியில்: கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை, தகராறில் இருந்த இடத்துக்கு எல்லை வகுத்தோம், அவ்வளவுதான். 2014-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, திரும்பப் பெற வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

சர்வதேசச் சட்டம் இன்னும் கறாரானது. 1928-ல் பால்மாஸ் தீவு வழக்கில் அமெரிக்கா, "ஸ்பெயினிடமிருந்து எங்களுக்குக் கிரயமாகிவிட்டது" என்று பத்திரத்தைக் காட்டியது. நெதர்லாந்து, "நாங்கள்தான் தொடர்ந்து ஆண்டு வருகிறோம்" என்றது. நடுவர் மாக்ஸ் ஹூபர் அனுபோகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார்.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரும் மலேசியாவும் பெத்ரா பிராங்கா என்ற பாறைத் தீவுக்காக மோதின. சிங்கப்பூர் நீரிணையின் வாசலில், கப்பல் பாதையில், கலங்கரை விளக்கத்தோடு நிற்கும் பாறை அது. ஆதியில் அது ஜொகூர் சுல்தானுக்குச் சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1953-ல் ஜொகூர் அரசின் அதிகாரி ஒருவர், "இந்தப் பாறைக்கு நாங்கள் உரிமை கோரவில்லை" என்று ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதையும், அதற்குப் பிந்தைய நடத்தைகளையும் வைத்து 2008 மே மாதம் தீவு சிங்கப்பூருக்கு என்று தீர்ப்பாயிற்று. ஒரு அதிகாரியின் கடிதத்துக்கே இந்த மதிப்பு என்றால், இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு ஐம்பது வருடம் தாண்டிய ஒப்பந்தத்தை என்ன செய்வது? கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

தீவு கிடைத்தால் மீன் கிடைக்குமா?

மேடைகளில் அதிகம் கேட்கப்படாத கேள்வி இது.

ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் போவது கச்சத்தீவு வரைக்கும் மட்டுமல்ல. நெடுந்தீவு, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கு அருகேயும் போகின்றன. மீன் அங்கேதான் இருக்கிறது. கச்சத்தீவு திரும்பி வந்தாலும் கோடு சில கிலோமீட்டர் நகரும், அதற்கு அப்பால் கைதுகள் தொடரும்.

இந்தப் பக்கம் மீன் ஏன் குறைந்தது? 1960களிலிருந்து அரசே ஊக்குவித்த இழுவை மடிதான் பெரிய காரணம். கனமான வலையைக் கடல் தரையோடு சேர்த்து இழுத்துப்போவது அந்த முறை. மீன், குஞ்சு, பாசி எதையும் விட்டுவைக்காது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் அது செய்யும் நாசம் அதிகம்.

அந்தப் பக்கம் இருப்பவர்கள் யார்? 1983 முதல் 2009 வரை போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்த யாழ்ப்பாண, மன்னார், முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து சின்னப் படகும் கடன் வாங்கிய வலையுமாகக் கடலில் இறங்கினால், இரவில் வந்த இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போயிருக்கும். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதன் பிறகு படகுகள் பறிமுதல், மறுபடி பிடிபட்டால் சிறை என்று கெடுபிடி கூடியது. அதைக் கண்டித்து 2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் மீனவர்கள் அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

சுடப்பட்டும் அடிபட்டும் செத்த தமிழக மீனவர்களின் துயரம் உண்மை. அதற்கு எந்த எல்லைக்கோடும் நியாயமாகாது. வலை அறுந்து நிற்கும் யாழ்ப்பாண மீனவரின் துயரமும் உண்மை. இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறார்கள். கொங்கு வழக்கில் சொன்னால் இது பங்காளிச் சண்டை.

என்னதான் வழி?

2025 ஏப்ரல் 2-ல் தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரி மறுபடி தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க நேரில் கச்சத்தீவுக்குப் போய், தீவை விட்டுத்தர மாட்டோம் என்று காட்டிவிட்டு வந்தார். இதே பாதையில் இன்னும் ஐம்பது வருடம் போகலாம்.

வேறு பாதையும் உண்டு. கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவுக்காக ஏறக்குறைய ஐம்பது வருடம் தகராறு செய்தன. கிட்டத்தட்ட கச்சத்தீவு அளவே உள்ள பாறை. 2022 ஜூனில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டு முடித்துவிட்டார்கள். அங்கே மீனவர் சாவும் இல்லை, தேர்தல் மேடையும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் முடிக்க நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

மீனவர்களே நேரில் பேசிப் பார்த்திருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் வடக்கு இலங்கை மீனவர்கள் தமிழ்நாடு வந்தார்கள். 2014 ஜனவரியில் சென்னையில் பேச்சு நடந்தது. இழுவை மடியைப் படிப்படியாகக் கைவிட அவகாசம் கேட்டது தமிழகத் தரப்பு. போரில் இழந்தது போதும், இனிக் காத்திருக்க முடியாது என்றது அந்தத் தரப்பு. 2017-ல், இழுவைப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகள் தர 1600 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கியது. இலக்கு 2000 படகுகள். ஆனால் கட்டி முடித்தவை மிகக் குறைவு. மீனவருக்கு 80 லட்ச ரூபாய்ப் படகு, கடன் பங்கு, டீசல் செலவு எல்லாம் கட்டுப்படியாகவில்லை. உண்மையில் கவனம் போக வேண்டிய இடம் இதுதான். தீர்மானம் போடுவது சுலபம், படகு மாற்றிக் கொடுப்பது கஷ்டம்.

கொங்கு நாட்டில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. ஒரே கிணறு, நாலு பங்காளிகள், ஆளுக்கு இத்தனை நாள் முறை. கிணறு யார் பேரில் என்பதைவிட மோட்டார் எந்த நாளில் யாருடையது என்பதே முக்கியம். பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரையே தமிழ்நாடும் கேரளாவும் 1970-ல் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படிதான் பங்கிட்டுக்கொள்கின்றன. முணுமுணுப்பு இருக்கும், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது.

பாக் விரிகுடா மீனவர்களுக்கும் முறை புதிதல்ல. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அடிதடி முற்றியபோது, வாரத்தில் மூன்று நாள் இவர்களுக்கு, நாலு நாள் அவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே ஊருக்குள் செய்ய முடிந்ததை இரண்டு கரைகளுக்கு நடுவே செய்ய இழுவை மடி ஒழிய வேண்டும், இரண்டு அரசுகளும் மனது வைக்க வேண்டும்.

உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு ராமேஸ்வரத்திலிருந்தும் மீன் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்றால் கோவையில் விலை ஏறும், எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அந்த மீனைப் பிடிக்கப் போனவர் கரை திரும்பினாரா என்று கேட்பவர் குறைவு. கச்சத்தீவின் பட்டா யார் பேரில் என்ற கேள்விக்கு இன்னும் ஐம்பது வருடத்திலும் பதில் வராமல் போகலாம். இன்றைக்கு ராத்திரி கடலுக்குப் போகிறவர் நாளைக்குக் காலையில் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.